ஒரே வளாகம், இரண்டு மீடியம்: சண்டை வந்தால் பிரிப்பதா, கலப்பதா?

வேலந்தாவளத்தான்:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் சேர்ந்து நடக்கும் பள்ளிகளுக்கு ஒரே வழிதான். இடைவேளையை 15 நிமிடம் முன்பின்னாக வையுங்கள். தகராறு மூளுவது வகுப்பில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில். ஒருவன் தமிழ்ப் பையனை இளக்காரமாகப் 'பாண்டி' என்பான், இவன் பதிலுக்கு ஒன்று சொல்வான், சட்டைப் பித்தான் தெறிக்கும்.

டீச்சர்_மீனாட்சிபுரம்:
குழாயடிச் சண்டை பஸ் ஸ்டாப்புக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே விலக்கிவிட வாத்தியார் இருக்க மாட்டார்.

வேலந்தாவளத்தான்:
கலந்து மட்டும் என்ன ஆகும் டீச்சர்? 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 22 பையன்களை இரண்டு அணியாக்கி மோதவிட்டார். பிறகு ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தார். சாப்பாட்டையே எடுத்து வீசிக்கொண்டார்கள்.

டீச்சர்_மீனாட்சிபுரம்:
மீதியையும் சொல்லுங்கள் மாஷே. முகாமுக்குத் தண்ணீர் நின்றது, இரு அணியும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். அன்று ராத்திரியே மறுபடி சண்டை! இப்படிப் பல வேலைகள் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது. ஓணத்துக்கு ஒருநாள் பூக்களம் போட்டால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. பாடநூல் தயாரிக்கும் கேரள எஸ்சிஇஆர்டி ஒரே பாடத்தை இரு மொழியிலும் அச்சிடுகிறது. சமூக அறிவியலில் ஒரு பாடத்தை ஐந்தாக வெட்டி, ஐந்து பேர் கொண்ட கலப்புக் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். தன் துண்டைத் தன் மொழியில் படித்து, மற்ற நால்வருக்கும் அவன்தான் சொல்லித் தர வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தொடங்கிய முறைதான். வழக்கமாகக் கெடுவது ஒரே இடத்தில்: திக்கிப் பேசுகிறவனைக் குழு கேலி செய்யும். அதனால் வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டு கிடைத்தவர்களை முதலில் தனியே உட்கார்த்தி ஒத்திகை பார்க்க விடுங்கள்.

எருத்தேம்பதி_அப்பா:
சண்டை முடிந்ததும் நடக்கும் விசாரணையை யாரும் பேசவில்லையே. எழுதி வாங்குவது மலையாளத்தில், பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் கழக) நோட்டீஸ் மலையாளத்தில். தமிழ்ப் பையன் பாதி சொல்வான், பாதியை விழுங்குவான். அந்த அரைகுறையே குற்றமாகிவிடும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தாமல் தனித்தனியே, அவரவர் மொழியில், அன்றைக்கே எழுதி வாங்குங்கள். அப்புறம் வெட்டுங்கள் பாடத்தை.

டீச்சர்_மீனாட்சிபுரம்:
அதை ஒத்துக்கொள்கிறேன். 'மன்னிப்புக் கேள்' என்று அசெம்பிளியில் மைக் நீட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

வேலந்தாவளத்தான்:
எல்லாம் சரி. அந்த ஐந்து பேரை இரண்டு டிவிஷனிலிருந்து ஒரே பீரியடில் உட்கார வைக்க டைம்டேபிள் யார் போடுவது?