கணவரின் குறட்டையால் உறங்க முடியவில்லை, அவருடைய மூச்சை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது

கேள்வி (சென்னை வாசகி)

என் கணவருக்கு 44 வயது. ஒற்றைப் படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். கூடத்தில் மாமியார் படுத்துக்கொள்கிறார். கணவருக்குக் குறட்டை முன்பிருந்தே உண்டு என்றாலும், எடை கூடிய பிறகு கதவைச் சாத்தினாலும் கூடத்தில் கேட்கும் அளவுக்கு அது ஏறிவிட்டது. நாள் முழுவதும் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. உறக்கம் கெட்டுப்போய் எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அவரிடம் சொன்னால், "அலுத்துப் படுப்பவனுக்குக் குறட்டை வராதா, என் அப்பாவும் இப்படித்தானே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

சத்தத்தைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. குறட்டை திடீரென நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் அசைகின்றன, ஆனால் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தால் காற்று வருவதில்லை. சற்று நேரம் கழித்து, நீரில் மூழ்கியவர் மேலே வருவதைப் போலப் பெரிய இழுப்புடன் மூச்சு திரும்புகிறது. அடுத்தது எப்போது நிற்குமோ என்று விழித்தே கிடக்கிறேன். தனியாகப் படுக்கலாம் என்றால் மாமியார் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (காது மூக்கு தொண்டை மருத்துவர், திருச்சி)

நீங்கள் கண்டு சொல்லியிருப்பதுதான் இதில் முதன்மையான செய்தி, அம்மா. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வதால் மூச்சுப்பாதை குறுகி, உள்நாக்கும் மென்அண்ணமும் அதிர்வதுதான் குறட்டை. அந்தப் பாதை முழுவதும் அடைபட்டு, மார்பு முயன்றும் காற்று உள்ளே போகாமல் 10 வினாடிகளுக்கு மேல் நின்றால் அதை ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூளை அரைகுறையாக விழித்துத்தான் மூச்சை மீட்கிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது என்பதால், நோயாளி சொல்வதைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்வதையே நாங்கள் பெரிதும் நம்புகிறோம். மூச்சு நின்று மீள்வது தெரியும்படி கைபேசியில் சில நிமிடங்கள் காணொளி எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டுவதற்கு மட்டுமன்றி, அவரே பார்ப்பதற்கும் அது தேவை.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குதல் ஆகியவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்றால் மருத்துவரிடம் போவதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை அவர் வண்டியை எடுக்கவும் வேண்டாம்.

உறக்க ஆய்வு என்ற பரிசோதனையை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம். பலருக்குச் சிறு கருவியைக் கொடுத்து வீட்டிலேயே செய்வதும் போதும். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் 5 முறைக்குக் கீழ் இருந்தால் இயல்பு என்று கொள்வோம். 5 முதல் 15 வரை லேசானது. 15-ஐத் தாண்டினால் நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. மூக்குத் தண்டு வளைவு, பெருத்த டான்சில், தைராய்டுக் குறைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நன்றாக உறங்கட்டும் என்று தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மதுவைப் போலவே அதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். விளம்பரங்களில் வரும் மூக்குக் கிளிப்புகள் இந்த அடைப்பைத் தீர்ப்பதில்லை.

பதில் (மதுரை வாசகி)

மருத்துவர் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உங்களைப் பற்றிச் சொல்கிறேன், சகோதரி. உறக்கம் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவீர்கள்? மாமியாரிடம் மறைக்காமல், "அத்தை, இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, மருத்துவரிடம் காட்டப் போகிறோம், அதுவரை நான் உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மகனின் உடம்பு என்றதும் அவரே முன்னால் நிற்பார். என் வீட்டில் கணவர் மருத்துவரிடம் போனதே என் மாமியார் அதட்டியதால்தான்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற நுரைக் காதடைப்பானைப் பலர் சரியாக வைப்பதில்லை. விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலால் தாங்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னால் சரிவதால் குறட்டை கூடும். ஒருக்களித்துப் படுக்க அவருக்கு முதுகோரம் நீளத் தலையணை வையுங்கள். ஆனால் இவையெல்லாம் பரிசோதனைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

காணொளியைக் காட்டினேன். தன் மூச்சு நிற்பதைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு போகலாம் என்றார். ஆனால் ஆயுள் முழுவதும் உறங்கும்போது மூச்சுக்கு உதவும் இயந்திரத்தை மாட்டிக்கொள்ளச் சொல்வார்களோ என்று கலங்குகிறார்.

பதில் (சிபாப் என்னும் அந்த மூச்சு இயந்திரத்தைப் பயன்படுத்துபவர், கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் இயந்திரம் தேவைப்படாது. லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்தள்ளி வைக்கும் பற்கருவி உதவக்கூடும். எடை குறைந்த பின் மறுபரிசோதனையில் இயந்திரத்தை விட்டுவிட முடிந்தவர்களும் உண்டு. எனக்குப் பாதிப்பு கடுமையானது என்பதால் சிபாப் தந்தார்கள். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முறை அது. அது ஆக்சிஜன் தரும் கருவியன்று. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் திறந்து வைக்கிறது.

முதல் சில வாரங்கள் கடினம் என்பதை மறைக்க மாட்டேன். முகமூடி மூக்குத் தண்டின் மேல் சரியாகப் படியாவிட்டால் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். வார்களை மேலும் இறுக்குவதைவிட, படுத்த நிலையில் கருவியை ஓடவிட்டு முகமூடியை லேசாகத் தூக்கி மறுபடி அமர்த்துவது நல்லது. பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அணிந்து பழகியதும் எனக்கு மிகவும் உதவியது. ஈரப்பதப் பெட்டியில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குழாய் நீரில் உப்புப் படியும். வீடு தொழிற்பேட்டையிலோ சாலையோரத்திலோ இருந்தால் வடிகட்டியில் தூசி விரைவில் சேரும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியின் ஓசை மின்விசிறியின் ஓசைக்குள் அடங்கிவிடும், உங்கள் உறக்கத்தைக் கெடுக்காது. மின்தடைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது நீரைச் சூடாக்கும் பகுதிதான். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது அதை அணைத்து வைத்தால் பாட்டரி நெடுநேரம் தாங்கும். வாங்கும்போதே விற்பனையாளரிடம் இன்வெர்ட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.