பிராஸ்பெக்ட், டிராஃப்ட்: பேஸ்பால் கலைச்சொற்கள் பற்றி என் பரிந்துரை

அன்புள்ள குழுவினர்க்கு,

போன வாரம் நான் தமிழ் கேட்டது இரண்டே சொல்லுக்கு: பேஸ்பாலில் வரும் டிராஃப்ட், பிராஸ்பெக்ட். இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. பேஸ்பாலையே "அடிபந்தாட்டம்" என்று எழுதச் சொன்ன நண்பரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை இந்த இழையில் இழுத்தால் நாம் கரை சேர மாட்டோம். இப்போதைக்கு பேஸ்பால் பேஸ்பாலாகவே இருக்கட்டும்.

முதலில் டிராஃப்ட், அதாவது அணிகள் புதுப் பையன்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் "வரைவு" என்று வந்து விழுகிறது. சட்டத்துக்கும் கடிதத்துக்கும் அது சரி. பதினெட்டு வயதுப் பையனை ஒரு அணி எடுத்துக்கொள்வதற்கு எப்படிப் பொருந்தும்?

> அகத்துறையில் வரைவு என்றால் மணம் முடித்தல். ஒரு அணி ஒரு பையனைக் கைப்பிடிப்பதும் வரைவுதானே?

ஐயா, ரசித்தேன். ஆனாலும் இன்றைய வாசகருக்கு வரைவு என்றதும் காகிதம்தான் நினைவுக்கு வரும், கல்யாணம் வராது.

"ஏலம்" என்று இரண்டு பேர் சொல்லியிருந்தீர்கள். ஐபிஎல் பழக்கம். ஆனால் இது ஏலத்துக்கு நேர் எதிர். ஏலத்தில் காசு வைத்திருப்பவன் கை ஓங்கும். அமெரிக்காவில் பணக்கார அணிகள் நல்ல பையன்களை எல்லாம் பெருந்தொகை கொடுத்து அள்ளிக்கொண்டு போனதைத் தடுக்கத்தான் 1965ல் டிராஃப்டையே கொண்டுவந்தார்கள். முந்தைய பருவத்தில் அடிமட்டத்தில் கிடந்த அணி முதலில் எடுக்கும். அப்படித்தான் அந்த ஆண்டு கான்சஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிக் மண்டேயை முதல் ஆளாக எடுத்தது. மற்ற அணிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது நம் ஊரில் தெரிந்த விஷயம். இங்கே ஒரே வித்தியாசம், கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். ஆகவே "முறைத்தெரிவு" என்கிறேன். "முறைத்தேர்வு" என்றால் தமிழ்நாட்டில் யாராவது ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். இலங்கை நண்பர்கள் அன்றாடம் புழங்கும் "தெரிவு" இங்கே கைகொடுக்கிறது.

(2023லிருந்து முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் குலுக்கல் வைக்கிறார்கள், வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிப்பதைத் தடுக்க. அதற்கு "குடவோலை" என்று ஒருவர் சொன்னார். உத்திரமேரூரை விட்டுவிடுவோம். குலுக்கல் போதும்.)

இனி பிராஸ்பெக்ட், அதாவது மேலே வருவான் என்று எதிர்பார்க்கப்படும் இளம் ஆட்டக்காரன். எனக்கு உண்மையான தலைவலி இதுதான். "வருங்கால நட்சத்திரம்", "எதிர்கால நாயகன்" எல்லாம் வந்தன. இவற்றில் ஒரு குறை உண்டு. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இப்போது முறைத்தெரிவு இருபது சுற்று நடக்கிறது. எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் உச்சமட்டமான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஓய்ந்துவிடுகிறார்கள். 1991ல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கைகலப்பில் தோள் போனது, அதோடு சரி. 1966ல் நியூயார்க் மெட்ஸ், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரெஜி ஜாக்சனை விட்டுவிட்டு ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை எடுத்தது. அவரும் மேலே வரவே இல்லை. மறுபக்கம் மைக் பியாட்ஸா. 1988ல் 62ஆவது சுற்று, 1390ஆவது ஆள். டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா குடும்ப நண்பர் என்பதால் அவருக்காகப் பெயரைச் சேர்த்தார்கள். 2016ல் பியாட்ஸா, விளையாட்டின் மாமனிதர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இந்த விளையாட்டில் செல்லாது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் சந்தேகம் இருக்க வேண்டும். அந்தச் சந்தேகத்தை நாம் ஏற்கெனவே ஒரு வினையில் வைத்திருக்கிறோம்: தேறுவது. "பையன் தேறுவானா?", "இது தேறாது". டீக்கடையிலும் சொல்வார்கள், பரீட்சைத்தாள் திருத்தும் வாத்தியாரும் சொல்வார். அணிக்காகப் பையன்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட் ஒருவர் வெயிலில் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து தன்னைத் தானே கேட்டுக்கொள்வதும் இதைத்தான். அதனால் முதலில் "தேறாளர்" என்று எழுதினேன். உடனே வந்தது பதில்:

> தேறு + ஆளர் என்று பிரித்தால் தேறக்கூடியவர். தேறா + ஆளர் என்று பிரித்தால் தேறாதவர். எந்தப் பக்கம் பிரிப்பது?

அக்கா, நீங்கள் கேட்டது மிகச் சரி. புள்ளிவிவரப்படி இரண்டும் பொருந்தும் என்பது வேறு கதை! ஆனால் கலைச்சொல் விடுகதையாக இருக்கக்கூடாது. கைவிட்டேன்.

இப்போது என் கை "தேறுமுகம்" என்ற சொல்லில் நிற்கிறது. சினிமாவில் ஆளையே "புதுமுகம்" என்கிறோம். ஏறுமுகம், இறங்குமுகம் என்றால் போகும் திசை. தேறுமுகம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: ஆளும் அவனே, அவன் போகும் திசையும் அதுவே. போய்ச் சேர்ந்தானா என்பதைச் சொல்லவில்லை. "இந்த ஆண்டின் தலைசிறந்த நூறு தேறுமுகங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்கு உறுத்தவில்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய ஸ்கவுட்கள் "நல்ல முகம்" என்று ஒன்றைப் பார்ப்பார்கள். தாடை, கண், நிற்கும் தோரணை பார்த்து, இவன் ஆட்டக்காரன்தான் என்று முடிவு செய்வது. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிற மாதிரி. இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, முகராசி. பிற்பாடு வந்த புள்ளிவிவரக்காரர்கள் இதைக் கேலி செய்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் மாட்டுத்தரகர் சுழியோடு பல்லையும் நடையையும் பார்க்கிறார் அல்லவா? ஸ்கவுட்டும் அப்படியே.

பல்லும் நடையும் என்பது அங்கே ஐந்து: பந்தை மட்டையில் பிடிப்பது (அடிநுட்பம்), தூரம் அடிப்பது (அடிவலு), ஓடுவது, களத்தடுப்பு, எறிவது (எறிவலு). இவற்றுக்கு "கருவி" என்று நேராக மொழிபெயர்த்தால் "ஐந்து கருவி ஆட்டக்காரர்" தச்சராகிவிடுவார். "ஐந்திறன்" போதும். ஓடுவதை மட்டும் "ஓட்டம்" என்று எழுத வேண்டாம், கிரிக்கெட் ரன்னோடு குழம்பும். ஓட்டவேகம் என்போம்.

ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி. ஏன் 0 முதல் 100 இல்லை என்று ஒருவர் கேட்டார். 50 என்பது மேஜர் லீக் சராசரி. அதிலிருந்து ஒவ்வொரு 10 புள்ளியும் ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கம், அதாவது ஆட்டக்காரர்கள் சராசரியிலிருந்து விலகி நிற்கும் வழக்கமான அளவு. மூன்று விலக்கத்துக்கு அப்பால் ஆளே அநேகமாகக் கிடையாது, அதனால் 80ல் நிறுத்திவிட்டார்கள். வலது கை மட்டையாளர் அடித்துவிட்டு முதல் தளத்தை 4.3 விநாடியில் தொட்டால் ஓட்டவேகம் சுமார் 50. இப்படி அளக்கக்கூடியவை எளிது. எறிவேகத்தை 1974 வாக்கில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர் போலீஸ் ராடாரை வைத்து அளக்கத் தொடங்கினார். அதன்பின் அதுவும் எளிது. பந்தை மட்டையில் பிடிப்பதைத்தான் யாராலும் முன்கூட்டி அளக்க முடியவில்லை. பள்ளிப் பையன் உலோக மட்டையால், மெதுவான பந்துகளை அடிக்கிறான். தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டை. கேப் காட் கோடைக்கால லீக்கில் கல்லூரிப் பையன்கள் மரமட்டையில் ஆடுவதைப் பார்க்க ஸ்கவுட்கள் கூட்டமாகப் போவது இதனால்தான்.

புள்ளியை இரண்டாக எழுதுவார்கள், 40/60 என்று. முன்னது இன்று, பின்னது நாளை. "இன்றைய புள்ளி, நாளைய புள்ளி" என்றே எழுதலாம், இதற்குப் புதுச்சொல் வேண்டாம். பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் ட்ரவுட் 2009ல் 25ஆவது ஆளாகப் போனதற்குச் சொல்லப்படும் காரணம் நியூஜெர்சி. குளிர் ஊர், பருவம் குறுகியது, எதிர்த்து எறிபவர்களும் சுமார். நாளைய புள்ளியை நம்ப மற்ற அணிகளுக்குத் துணிவு வரவில்லை.

"மேக்கப்" என்ற சொல்லுக்கு இயந்திரம் "ஒப்பனை" என்கிறது! பையனின் உழைப்பு, நிதானம், தோல்வியைத் தாங்கும் குணம் பற்றிய பேச்சு அது. "குணவாகு" என்று எழுதியிருக்கிறேன். உடல்வாகு இருக்கும்போது இது ஏன் கூடாது?

கடைசியாக, பையன் கையெழுத்திடுவானா என்ற கேள்வி. பள்ளி முடித்தவனுக்குப் பணம் போதவில்லை என்றால் கல்லூரிக்குப் போய்விடலாம். 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் முதல் பத்துச் சுற்றுக்கு ஊக்கத்தொகை வரம்பு உண்டு. 5 விழுக்காட்டுக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடமே பறிபோகும். 2014ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலில் எடுத்த பிரேடி ஏக்கனுக்கு முழங்கைப் பரிசோதனையில் சந்தேகம் வந்தது, தொகையைக் குறைத்தார்கள், அவர் கையெழுத்திடவில்லை. ஈடாக மறு ஆண்டு கிடைத்த இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள். சந்தையில் "விலை படியவில்லை" என்போமே, அதுதான். "படிவாய்ப்பு" என்று வைத்திருக்கிறேன்.

---

வணக்கம் அண்ணா,

முறைத்தெரிவு இலங்கையில் எங்களுக்கு உடனே விளங்குகிறது, நன்றி. படிவாய்ப்பு மட்டும் இடிக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பற்றிய பேச்சில் படிவாய்ப்பு என்றால் படிக்கும் வாய்ப்பு என்றுதானே யாரும் எடுப்பார்கள்? அதுவும் அந்தப் பிள்ளை படிக்கப் போவானா, ஆடப் போவானா என்பதுதான் சிக்கலே!

---

தம்பி,

சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன். "இசைவு வாய்ப்பு" என்று மாற்றுகிறேன். அழகு குறைவு, ஆனால் குழப்பம் இல்லை. சொற்களைச் சேர்த்து ஒரு மாதிரிக் குறிப்பு எழுதிப் பார்த்தேன். ஆள் என் கற்பனை:

"பள்ளி இறுதி ஆண்டு, இடைத்தளக் காவலர். ஓட்டவேகம் 60, எறிவலு 55, களத்தடுப்பு 45/55. அடிநுட்பம் 30/50, இங்கேதான் கேள்வி. உடல்வாகு ஒல்லி, சதை பிடித்தால் அடிவலு 50 வரை வரலாம். குணவாகு நன்று. மூன்று முறை அடிக்காமல் வெளியேறிய அன்றும் முகம் சுளிக்கவில்லை. கல்லூரிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான், இசைவு வாய்ப்பு குறைவு. இரண்டாம் சுற்றுத் தேறுமுகம்."

எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். "இடைத்தளக் காவலர்" எனக்கே பிடிக்கவில்லை, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?