புதுப்பிப்பு: ஊசி போட்ட இடத்தில் பூனைக்குப் புண்

மூன்று வாரம் முன்பு புலம்பியிருந்தேன், நினைவிருக்கலாம்: எஃப்ஐபி (பூனைகளுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்) வந்த என் பூனைக்கு வீட்டிலேயே தினமும் அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து ஜிஎஸ்-441524 ஊசி போடுகிறேன், தோள்பட்டைக்கு நடுவில் இரண்டு இடத்தில் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது, ஊசியை நிறுத்திவிடலாமா என்று. மருந்தை நிறுத்தவில்லை. 84 நாள் சிகிச்சையில் இன்று 61-வது நாள்.

மருத்துவர் பார்த்துவிட்டு, இந்த மருந்து அமிலத்தன்மை உள்ளது, தோலுக்கு அடியில் போகாமல் கசிந்தால் அரித்துவிடும் என்றார். நானோ பயத்தில் பழகிய ஒரே இடத்திலேயே குத்திக்கொண்டிருந்தேன், அப்புறம் எப்படி ஆறும்? புண்ணைச் சுற்றி முடியை மழித்து, தினமும் சலைனால் கழுவச் சொன்னார். ஹைட்ரஜன் பெராக்சைடு கூடவே கூடாது, முளைக்கிற புதுத் தோலையும் அது கெடுத்துவிடும். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினேன், அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருந்தை உறிஞ்சியதும் ஊசிமுனையை மாற்றி, விலாவில் இடம் மாற்றி மாற்றிப் போட்டுவந்தேன். போன வாரம் மாத்திரைக்கே மாறிவிட்டோம், அளவை மருத்துவரே எடைபார்த்துக் கணக்கிட்டார்.

பெரிய புண்ணின் பொருக்கு நேற்று தானாக உதிர்ந்தது, அடியில் இளஞ்சிவப்புத் தோல். சின்னதில் முடி முளைக்கிறது, வெள்ளையாக. அவளோ கன்னங்கரேல்.