கோட்டை வாசல் மான்களும் ஒரு கொப்பியும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து சூழலியல் படிக்கத் திருகோணமலைக்கு வந்த பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடலும் திமிங்கிலமும்தான் வேலையாயிருக்கும் என்று நினைத்துப் போனேன். 2003 இல் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்கும் போனோம். பவளப்பாறை, சுறா எல்லாம் அழகுதான். ஆனால் அவர்கள் அதிக நேரம் நின்றது கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டை வாசலில், நாங்கள் திரும்பியும் பார்க்காத புள்ளிமான்களோடு.

ஒரு கூட்டத்தைத் தெரிந்தெடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு மானும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறதென்று கொப்பியில் குறிக்க வேண்டும்: மேய்தல், அசைபோடல், தலைநிமிர்ந்து பார்த்தல், படுத்திருத்தல். காட்டு மான் சிறுத்தைக்குப் பயந்து அடிக்கடி தலை தூக்கும். இங்கே நாய் குரைத்தால்தான் நிமிரும். ஓட்டோ ஹோர்னுக்குக் காதுகூட ஆடாது. வெயிலுக்குள் நின்று மான் அசைபோடுவதைக் குறிப்பதுபோல் அலுப்பான வேலை வேறில்லை.

கொஞ்ச நாளில் ‘மேய்தல்’ என்ற நிரலைப் பிரிக்க வேண்டி வந்தது: புல், இலை, ஆட்கள் கொடுக்கும் பழம், சோற்றுப் பார்சல் கட்டுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற். கறியும் உப்பும் ஊறின சீற்றை நக்கத் தொடங்கி அப்படியே விழுங்கிவிடும். மாட்டுக்குப் போல மானுக்கும் இரைப்பை நாலு அறை. பொலித்தீன் முதல் அறையில் தங்கி, வாய்க்கும் திரும்பாமல் கீழேயும் இறங்காமல் சேர்ந்துகொண்டே போகும். வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும். பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று. மானுக்கு அது தெரியவில்லை, பார்சல் கட்டுகிற எங்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

தேத்தண்ணிக் கடை ஐயாவிடம், மான் வந்தால் ஏன் விரட்டுவதில்லை என்று கேட்கச் சொன்னாள் ஒரு மாணவி.

“கோணேசற்றை மான், பிள்ளை. ஆர் கலைக்கிறது?”

அந்தப் பாசத்தால்தான் அவை ஊருக்குள் உயிரோடு திரிகின்றன. வடைக்கும் வாழைப்பழத்துக்கும் பழகி, பார்சல் மணத்துக்கு ஓடி வருவதும் அதே பாசத்தால்தான் என்பது என் எண்ணம். ஐயாவிடம் அதைச் சொல்லவில்லை. மாணவி இரைப்பையைப் படம் கீறிக் காட்டினாள், நான் விளங்கப்படுத்தினேன்.

அடுத்த கிழமை கடைக் குப்பைப் பை வேப்பமரக் கொப்பில் உயரத் தொங்கியது. மானுக்காகவா ஐயா என்று கேட்டேன்.

“விடிய எழும்பிக் கூட்டுறது நான்தானே” என்றார்.