மறு: 'அடல்டரேட்டட்' – கலப்படம் என்றே விட்டுவிடலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

'அடல்டரேட்டட்' (adulterated) என்ற ஆங்கிலச் சட்டச்சொல்லுக்குத் தமிழில் மக்கள் நாவில் இருக்கும் 'கலப்படம்' போதுமே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் நாம் தமிழ்ச்சொல் தேட எடுத்திருப்பது அமெரிக்கா 1906-இல் இயற்றிய தூய உணவு, மருந்துச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவுப்படி எதையும் கலக்கவே வேண்டாம், பண்டத்தின் ஒரு பகுதி அசுத்தமாகவோ சிதைந்தோ அழுகியோ இருந்தாலே அது 'அடல்டரேட்டட்'.

தக்காளி கெச்சப்பைப் பாருங்கள். டப்பாவில் அடைக்கத் தக்காளியை உரித்தபின் மிஞ்சும் தோலும் நறுக்கிக் கழித்த துண்டுகளும் பீப்பாயில் கிடந்து புளித்து, பிறகு அதுவே கெச்சப் ஆன ஆலைகள் அன்று இருந்தன. வினிகரும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிவிட்டால் நாக்குக்கு அழுகல் தெரியாது. பூஞ்சை இழைகள் மட்டும் காய்ச்சினாலும் உள்ளே கிடக்கும். அமெரிக்க வேளாண் துறையின் வேதியியல் பணியகத்தில் இருந்த ஹோவார்ட் 1911-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: நுண்ணோக்கியில் எத்தனை பார்வைப் புலங்களில் (ஒரு தடவை பார்க்கையில் கண்ணுக்குத் தெரியும் வட்டப் பரப்பு) இழை தென்படுகிறது என்று எண்ணி விழுக்காடாகச் சொல்லும் முறை. கண்ணுக்குத் தெரியாத அழுகலை நீதிமன்றத்தில் காட்ட அதிகாரிகளுக்கு ஒரு வழி கிடைத்தது, இது பெரிய விஷயம்.

அந்தச் சட்டத்தில் சரக்கையே பிரதிவாதியாக்கிப் பறிமுதல் செய்யலாம். அப்படி அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1914-இல் தீர்ப்பான ஒரு வழக்கின் பெயரே 'ஐக்கிய அமெரிக்கா எதிர் 200 பெட்டி அடல்டரேட்டட் தக்காளி கெச்சப்'. இதைக் 'கலப்படக் கெச்சப்' என்று எழுதினால் படிப்பவர் என்னத்தைக் கலந்தார்கள் என்றுதான் தேடுவார். இன்னொன்று, அழுகியிருந்தால் போதும், உடலுக்குக் கெடுதல் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பு. ஆகவே 'நச்சுணவு', 'தீங்குணவு' இரண்டும் பொருந்தாது. 'அழுகல் உணவு' என்றால் புழு விழுந்த உலர் அத்திப்பழம் வெளியே போய்விடும், அதையும் இதே பிரிவில்தான் பிடித்தார்கள்.

என் பரிந்துரை 'பழுதுணவு'. கலப்படம், அழுகல், புழு, அசுத்தம் எல்லாம் அதற்குக் கீழே வகைகளாக நிற்கட்டும். நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமும் அழுகியதையும் பூச்சி விழுந்ததையும் அதே வரையறைக்குள் வைத்திருந்தது, ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம்.

ஒரு சிக்கல் எனக்கே தெரிகிறது: பழத்தைப் பற்றி எழுதும்போது 'பழுதுப் பழம்' என்பது காதில் 'பழுத்த பழம்' மாதிரி விழுகிறது. அங்கே மட்டும் 'பழுதுற்ற' என்று எழுதலாமா, இல்லை 'கேடுற்ற' மேலா? கருத்துச் சொல்லுங்கள், அப்புறம் 7-ஆம் பிரிவின் மற்ற சொற்களுக்குப் போகலாம்.

அன்புடன்