எச்சரிப்பு கேட்டு கேட்டு மரத்துப்போச்சு, பயத்துல மனந்திரும்புறது கணக்குல வருமா?

கண்ணாடி_போனவன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிருவேன், எழுதுறது இதான் முதல் தடவ, ஏதாவது தப்பா கேட்டா மன்னிச்சிருங்க.

கொஞ்ச மாசம் முன்னாடி ராத்திரி தனியா வண்டி ஓட்டிட்டு வந்தேன், ஒரு செகண்டு கண்ணு சொக்கிருச்சு, ஹாரன் சத்தத்துல முழிச்சா எதிர்ல லாரி, ஸ்டியரிங்க எப்படி ஒடிச்சேன்னே தெரியல, சைடு கண்ணாடி மட்டும் போச்சு. அது ஒயர்ல தொங்கிக்கிட்டு வீடு வர்ற வரைக்கும் டக் டக்னு கதவுல அடிச்சிட்டே வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி முழங்கால் போட்டு அழுதேன், ஆண்டவரே இனிமே நான் வேற ஆளுன்னு சொன்னேன். மூணு வாரம் கண்ணாடிய மாத்தல, அத பாக்கும்போதெல்லாம் ஒரு பயம் வரும், பயம் வந்தா ஜெபம் வரும். அப்புறம் மெக்கானிக் கிட்ட விட்டு புதுசு போட்டேன். நம்புவீங்களா, அந்த வாரமே ஜெபமும் போச்சு.

இப்ப நியாயத்தீர்ப்பு, இயேசுவோட ரெண்டாம் வருகை, மனந்திரும்புன்னு யார் பேசினாலும் ஒண்ணும் ஏறல. வாட்ஸப்ல எங்க பூமி அதிர்ந்தாலும் "இது கடைசி எச்சரிப்பு"ன்னு ஒரு வீடியோ வருது, போன மாசமும் கடைசிதான், அதுக்கு முந்துன மாசமும் கடைசிதான். எனக்கு தெரிய வேண்டியது, அன்னைக்கு நடந்தது தேவன் குடுத்த எச்சரிப்பா இல்ல வெறும் தூக்கக் கலக்கமா, எப்படி கண்டுபிடிக்கிறது? பயந்துபோய் மனந்திரும்புனா அத அவர் ஏத்துக்குவாரா? இன்னொண்ணு, ஈசாக்கோட மூத்த மகன் ஏசா கண்ணீர் விட்டு தேடியும் மனந்திரும்ப இடம் கிடைக்கலன்னு எபிரெயர் 12ல இருக்கே, அந்த மாதிரி கதவு சாத்துன ஆளா நான் ஆயிட்டேனான்னு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கு. சரி பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணும் இருக்கு, அது இப்ப வேணாம்.

பழைய_சுருள்:

பிரதர், கடைசி பயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏசா எதுக்கு அழுதான்னு ஆதியாகமம் 27ல போய் பாருங்க, "என்னையும் ஆசீர்வதியும்"னுதான் கதறுறான், நான் பண்ணது தப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வரல. தம்பி யாக்கோபு தட்டிட்டுப் போன ஆசீர்வாதத்துக்கு அழுதான். கதவு சாத்தியாச்சோன்னு கவலப்படுற மனுஷனும் அவனும் ஒண்ணு இல்ல. மனாசேன்னு ஒரு ராஜா, யூதாவுல அவ்வளவு அக்கிரமம் பண்ணவன் கிடையாது, சொந்தப் பிள்ளைகளையே தீயில கடக்கப்பண்ணவன், சங்கிலி போட்டு இழுத்துட்டு போனப்புறம் தாழ்த்துறான், அவன் கெஞ்சுறதையும் கேட்டாரே (2 நாளாகமம் 33).

பயம் பத்தி கேட்டீங்க. நினிவே பட்டணம் என்னத்துல திரும்புச்சு? பயத்துலதான். யோனா தீர்க்கதரிசி அங்க பண்ண பிரசங்கம் ஒரே வரி, "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்". மன்னிப்பு உண்டுன்னு சொல்லல, மனந்திரும்புன்னு கூட சொல்லல. ராஜா "யாருக்குத் தெரியும், ஒருவேளை மனசு மாறுவாரோ"ங்கற அளவுல ஒரு நம்பிக்கையில சாம்பல்ல உக்காந்தான். அது போதுமா இருந்துச்சு. ஆனா யோனா 3:10 நிதானமா படிங்க. எல்லாரும் துக்கத்துக்கு ரட்டு, அதான் சாக்குத்துணி, கட்டினாங்க, உபவாசம் இருந்தாங்க, மாட்டுக்குக் கூட தண்ணி காட்டல, ஆனா தேவன் ரட்ட பாத்தார்னு அங்க எழுதல. பொல்லாத வழிய விட்டு திரும்புன அவங்க கிரியைகளப் பாத்தார்னு எழுதியிருக்கு. ராஜாவோட கட்டளையிலயே "தங்கள் கைகளிலுள்ள கொடுமை"ன்னு வருது, கையில இருக்கறத விடணும்.

உங்க கண்ணாடி கதைக்கு சரியான ஆளு எகிப்து ராஜா பார்வோன். தேவன் அனுப்புன தவளை தொல்லை தாங்காம மோசேயக் கூப்பிடுறான், தவளை எப்ப போகணும்னு நீரே சொல்லும்ங்கறார் மோசே. படுக்கையில தவளை, அடுப்புல தவளை, மாவு பிசையுற தொட்டியில தவளை, அவன் சொன்ன பதில் "நாளைக்கு". இன்னும் ஒரு ராத்திரி தவளையோட படுத்துக்கறேன்ங்கறான்! தவளை ஒழிஞ்சு மூச்சு விட்ட உடனே மறுபடி மனச கடினமாக்கிட்டான். கண்ணாடி மாத்துன வாரம் நடந்தது இதான்.

தோமா_மாதிரி:

நானும் விசுவாசிதான், ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இந்த எச்சரிப்பு வியாபாரத்துல நம்ம ஆளுங்க பண்ண சேதம் கொஞ்சம் இல்ல. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒருத்தர் தானியேல் புஸ்தகத்த வச்சு கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 வருகைன்னு அவர் கூட்டத்துல முடிவாச்சு, விளைஞ்ச பயிர அறுக்காம வயல்ல விட்டுட்டு காத்திருந்தவங்க உண்டு. விடிஞ்சா 23ந்தேதி. 2011ல ஹெரால்ட் கேம்பிங் ரேடியோவுல மே 21ன்னார், தப்பிப்போனதும் அக்டோபர் 21ன்னார், அடுத்த வருஷம் அவரே நாள் குறிச்சது பாவம்னு ஒத்துக்கிட்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார்னு இயேசுவே சொல்லியிருக்கும்போது இவங்களுக்கு யார் சொன்னது. காது மரத்துப்போனதுக்கு கேள்வி கேட்டவர மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

அடுத்து, விபத்த எல்லாம் தேவன் உனக்கு அனுப்புன தந்தின்னு படிக்கிறது எனக்கு ஒப்பல. எருசலேம்ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்கள விட பாவிகளா? அல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்னு இயேசு நேராவே சொல்றார். தூக்கம் வந்தா வண்டிய ஓரம் கட்டுங்க, அதுவும் ஞானம்தான்.

அப்புறம் பழைய_சுருள், ஒரு கேள்வி. உபாகமம் 18:22 பிரகாரம் சொன்னது நடக்கலன்னா அவன் பொய்த் தீர்க்கதரிசி. நாப்பது நாள் முடிஞ்சும் நினிவே விழல. யோனாவ எந்த லிஸ்ட்ல சேக்குறது?

பழைய_சுருள்:

நல்ல கேள்வி, யோனாவுக்கே அந்தக் கோவம்தான். இதுக்கு பதில் எரேமியா 18, குயவன் வீடு. ஒரு ஜாதிய, அதாவது ஒரு தேசத்த, பிடுங்குவேன்னு நான் சொல்லி அந்த ஜாதி திரும்பினா நானும் மனம் மாறுவேன்னு கர்த்தரே விதி சொல்லிட்டார். நாப்பது நாள்ங்கறதுலயே அது இருக்கு, அழிக்கறது மட்டும் நோக்கம்னா நாப்பது நாள் எதுக்கு, ஆள் எதுக்கு அனுப்பணும்? இன்னொரு அழகு, "கவிழ்க்கப்படும்"ங்கற எபிரெய வார்த்தை சோதோம் பட்டணம் அழிஞ்சு கவிழ்ந்ததுக்கும் வரும், தலைகீழா மாறுறதுக்கும் வரும். நினிவே கவிழ்ந்துதான் போச்சு, யோனா நெனச்ச மாதிரி இல்ல.

ஆனா இதுல ஏமாந்துரக்கூடாது. அந்த தலைமுறை தப்பிச்சது, ஊரு தப்பல. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு அதே நினிவேக்கு எதிரா நாகூம் தீர்க்கதரிசி வர்றார், கி.மு. 612ல பாபிலோனியரும் மேதியரும் சேந்து தரைமட்டமாக்கிட்டாங்க. அப்பாவோட மனந்திரும்புதல் பிள்ளைக்கு சொத்தா வராது. யூதாவோட யோசியா ராஜா நியாயப்பிரமாண புஸ்தகத்த வாசிக்கக் கேட்ட உடனே தன் துணியக் கிழிச்சுக்கிட்டார். அவர் மகன் யோயாக்கீம் குளிர்காலத்து அறையில கணப்பு முன்னாடி உக்காந்து எரேமியாவோட சுருள கேக்குறான், மூணு நாலு பத்தி வாசிச்ச உடனே சூரிக்கத்தியால அத அறுத்து நெருப்புல போடுறான், மறுபடி வாசி, மறுபடி அறு, முழு சுருளும் சாம்பல். வேணாம்னு மூணு பேர் கெஞ்சியும் கேக்கல. மரத்துப்போறதுன்னா இதான். கத்தி எடுக்கறவன் பயந்து எடுக்கல பாருங்க, குளிர் காஞ்சிக்கிட்டே எடுக்கறான்.

சீலோவாம் பத்தி நீங்க சொன்னதுல பாதிதான் சொன்னீங்க தோமா. அல்லன்னு சொன்ன அதே மூச்சுல "மனந்திரும்பாமற்போனால்" நீங்களும் கெட்டுப்போவீங்கன்னு வருதே. செத்தவங்க பாவக் கணக்க ஆராயாத, உன்னோடத பாருன்னு அர்த்தம். பிரதரோட விபத்து எச்சரிப்பா இல்லையான்னு பட்டிமன்றம் வேண்டியதில்லன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

தோமா_மாதிரி:

சரி, அந்த பாதிய நான் விட்டது தப்புதான், ஒத்துக்கறேன். வாட்ஸப் வீடியோ பத்தி சொன்னத மட்டும் மாத்திக்க மாட்டேன்.

மெழுகுதிரி:

நான் கத்தோலிக்கர், எங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. பயத்துல வர்ற மனஸ்தாபம், அதாவது பாவத்த நெனச்சு வருந்துறது, செல்லுமாங்கற கேள்விய எங்க சபை எப்பவோ உக்காந்து பேசியாச்சு. நரகத்துக்குப் பயந்து பாவத்த வெறுக்குறது குறைவுள்ள மனஸ்தாபம்தான், ஆனா அதுவும் கடவுளோட கொடைதான், குருவானவர்கிட்ட பாவத்த அறிக்கையிடுற பாவசங்கீர்த்தனத்துக்கு அது கூட்டிட்டு வந்து விடும்னு 1551ல திரெந்து பொதுச்சங்கம் சொல்லிருச்சு. ஆண்டவர நேசிச்சு வர்றதுதான் உத்தம மனஸ்தாபம். பயம் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும், உள்ள போறது வேற.

தம்பி, நாளைக்குன்னு சொன்னது பார்வோன் மட்டும் இல்ல. புனித அகுஸ்தினாரே வாலிபத்துல "எனக்கு கற்பு நெறியத் தாரும், ஆனா இப்பவே வேண்டாம்"னுதான் ஜெபிச்சேன்னு எழுதியிருக்கார், அவ்வளவு நேர்மையா யாரும் எழுத மாட்டாங்க. 386ல மிலான்ல ஒரு தோட்டத்துல அழுது தீத்தப்புறம்தான் அந்த "இப்ப வேண்டாம்" போச்சு. அதனால உங்கள நெனச்சு வெக்கப்படாதீங்க. ஆனா சரி பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, இப்ப வேணாம்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க பாருங்க, எனக்கு உங்க பதிவுல அந்த வரி மட்டும்தான் கண்ணுல நிக்குது. பாவசங்கீர்த்தனத்துலயும் எடுத்தத திருப்பிக் குடுக்காம வெறும் மன்னிப்பு மட்டும் வாங்கிட்டுப் போக முடியாது.

கண்ணாடி_போனவன்:

மெழுகுதிரி அக்கா, நீங்க சரியா பிடிச்சிட்டீங்க. ரெண்டு நாளா போன எடுக்கறேன் வைக்கறேன்.

அப்பா இறந்தப்புறம் இன்சூரன்ஸ் பணம் வந்துச்சு. நாமினி நான், பாதி என் கூடப்பிறந்த அக்காவுக்குன்னு அப்பா என் கையப் பிடிச்சு சொல்லியிருந்தார். நான் அக்காகிட்ட வந்த தொகைய குறைச்சு சொன்னேன். அவ ஒரு கேள்வி கேக்கல, நீ சொன்னா சரிதான்டான்னா. அந்த லெட்டர் இன்னும் என் டிராயர்ல நாலா மடிச்சு இருக்கு. அன்னைக்கு லாரி லைட்டு மூஞ்சில அடிச்சப்ப மனசுல வந்தது பிள்ளைங்க முகம் இல்ல, அந்த லெட்டர்தான். அழுது ஜெபிச்ச மூணு வாரத்துல எல்லாத்தையும் அறிக்கை பண்ணேன், இத மட்டும் சுத்தி சுத்தி வந்தேனே தவிர பேர் சொல்லல.

பழைய_சுருள்:

அப்ப உங்க முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிட்டீங்க பிரதர். மரத்துப்போனது காது இல்ல. வரி வசூலிக்கிற சகேயு வீட்டுல இயேசு பிரசங்கம் எதும் பண்ணதா எழுதல, அவனே எழுந்து நின்னு பாதி ஏழைகளுக்கு, ஏமாத்தினது நாலு மடங்கா திரும்பன்னு சொல்றான். அதுக்கப்புறம்தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது".

தோமா_மாதிரி:

ஒரு சின்ன எச்சரிக்கை, ஆமா நானும் எச்சரிக்கிறேன் 🙂 இயேசுவக் காட்டிக்கொடுத்த யூதாசும் அதுக்கு வாங்கின 30 வெள்ளிக்காச திருப்பிக் கொண்டுபோனான். ஆசாரியர்கிட்ட கொண்டுபோனான், இயேசுகிட்ட போகல, அப்படியே போய் செத்தான். பேதுரு ஒரு காசும் குடுக்கல, மூணு தடவ மறுதலிச்சவன், ஆனா கரையில இயேசு நிக்கறார்னு கேட்ட உடனே கடல்ல குதிச்சு அவர்கிட்டயே போனான். அதனால பணத்த அனுப்பிட்டு கணக்கு முடிஞ்சுதுன்னு ஓடிராதீங்க, அக்கா முகத்தப் பாத்து பேசுங்க. அவங்க கோவப்பட்டா படட்டும், அது அவங்க உரிமை. மன்னிச்சாதான் ஆச்சுன்னு வசனம் காட்டி அவங்கள நெருக்காதீங்க.

மெழுகுதிரி:

பெலிக்ஸ்னு ஒரு தேசாதிபதி, காவல்ல இருந்த பவுல் நியாயத்தீர்ப்பப் பத்தி பேசப் பேச நடுங்கிட்டான், சமயம் கிடைச்சா கூப்பிடுறேன் இப்ப போன்னான். அப்புறம் ரெண்டு வருஷம் அடிக்கடி கூப்பிட்டு பேசினான், லஞ்சம் கிடைக்குமான்னு பாத்துக்கிட்டு. நடுங்குனது திரும்பி வந்ததா எங்கயும் எழுதல. இன்னைக்கு ராத்திரியே பண்ணுங்க தம்பி, நான் செபிக்கிறேன்.

கண்ணாடி_போனவன்:

லெட்டர பிரிச்சு போட்டோ எடுத்தேன், மடிப்புல எழுத்து கொஞ்சம் அழிஞ்சிருந்துச்சு, தொகை தெரியுது. "அக்கா நான் பொய் சொன்னேன், நாளைக்கு நேர்ல வர்றேன்"னு டைப் பண்ணேன், அந்த "நாளைக்கு"வ பாத்துட்டு அழிச்சிட்டேன். "இப்ப கிளம்பி வர்றேன்"னு மாத்தி அனுப்பிட்டேன்.

ரெண்டு நீலக் கோடு விழுந்துருச்சு. பதில் இல்ல. சாவி கையில இருக்கு, தூக்கம் இல்ல, வண்டி எடுக்கறேன்.