கம்பளத்தில் ஒட்டிய முத்திரைக்கு என்ன மதிப்பு?

சாம்பல்பூனை:
வீட்டுக் கூடத்துக்கு ஆறடிக்கு ஒன்பதடி கம்பளம் ஒன்று இணையத்தில் தேடுகிறேன். குழந்தைகளை உட்காரவைத்து நெய்ததாக இருக்கக் கூடாது, நெய்தவருக்கு ஒழுங்கான கூலி போயிருக்க வேண்டும். நிபந்தனை இவ்வளவுதான். மூன்று கடைகள் மனதில் இருக்கின்றன. முதல் கடை 'அறநெறிப்படி நெய்தது' என்று பெரிதாகப் போட்டு, ஒரு பாட்டியின் கைகளைப் படமாக வைத்திருக்கிறது. வேறு ஒரு விவரமும் இல்லை. இரண்டாவதில் குட்வீவ் முத்திரை. மூன்றாவதில் 'நியாய வணிகம்' என்று எழுதி, பக்கத்திலேயே ஓக்கோ-டெக்ஸ் சான்று. எதை நம்பலாம்?

கணக்குப்பிள்ளை:
மூன்றையும் நம்ப வேண்டாம். முத்திரை என்பது வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்குவதற்காக விற்கப்படும் சரக்கு. பழைய கம்பளம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், வேலை முடிந்தது.

ஊடுநூல்:
மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே! ஓக்கோ-டெக்ஸில் வழக்கமாகக் கண்ணில் படுவது ஸ்டாண்டர்ட் 100. நூலிலும் சாயத்திலும் தீங்கான ரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கும் சான்று அது. யார் நெய்தார், என்ன கூலி வாங்கினார் என்ற பேச்சே அதில் கிடையாது. அதை 'நியாய வணிகம்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்வோம். கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

குட்வீவ் கதை வேறு. குழந்தை உழைப்பை எதிர்த்துப் போராடும் கைலாஷ் சத்யார்த்தி 1994இல் தொடங்கிய ரக்மார்க் என்ற கம்பள முத்திரைதான் 2009இல் இந்தப் பெயருக்கு மாறியது. உரிமம் எடுத்த ஏற்றுமதியாளரின் தறிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வாளர்கள் போகிறார்கள், வீட்டுத் தறிகள் உட்பட. ஒவ்வொரு முத்திரையிலும் தனி எண் உண்டு. பாட்டியின் கைப்படத்தில் எந்த எண்ணும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
சரி, குட்வீவையே எடுத்துக்கொள்வோம். அது முதலில் உறுதி சொல்வது குழந்தை உழைப்பு இல்லை, கொத்தடிமை இல்லை என்பதை. கேள்வி கேட்டவரின் இரண்டாவது நிபந்தனை கூலி. முத்திரை இருப்பதாலேயே நெய்தவருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான கூலி கிடைத்தது என்று ஆகிவிடாது.

இன்னொன்று. உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்சாபூர் பக்கம் இந்தத் தொழில் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதில்லை. ஏற்றுமதியாளர் ஒப்பந்தக்காரரிடம் நூலையும் வடிவம் வரைந்த தாளையும் கொடுப்பார். ஒப்பந்தக்காரர் அதை ஊர் ஊராக வீட்டுத் தறிகளுக்குப் பிரித்துவிடுவார். கூலி நாள் கணக்கில் இல்லை, நெய்த அளவுக்குத்தான். முன்பணம் வாங்கியவர் கணக்குத் தீரும்வரை அதே ஆளுக்குத்தான் நெய்ய வேண்டும். போதாததற்கு, இந்தியாவில் 2016இல் வந்த சட்டத் திருத்தம் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் கூடமாட உதவலாம் என்கிறது, ஆபத்தான தொழில் என்று பட்டியலிட்டவை தவிர. தறிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை உதவுகிறதா, உழைக்கிறதா என்று அரை மணி நேரம் வந்துபோகும் ஆய்வாளர் எப்படிச் சொல்வார்?

ஊடுநூல்:
ஆய்வாளர் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஆய்வாளரே வராத தறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறேன். பாகிஸ்தானில் கம்பளத் தறியில் கடனுக்காக அடைக்கப்பட்டிருந்த இக்பால் மசீஹ் என்ற சிறுவன் தப்பி வந்து ஊர் உலகத்துக்கு உண்மையைச் சொன்னான். 1995 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டான். 'யார் நெய்தது' என்று வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கியதும், இந்த முத்திரைகள் தலையெடுத்ததும் அந்த ஆண்டுகளில்தான். கேட்கவே வேண்டாம் என்றால் பழையபடி ஆகிவிடும்.

கூலிதான் முக்கியம் என்றால் அதையும் பார்க்கும் அமைப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லேபிள் ஸ்டெப் 1995இல் தொடங்கியது. கையால் செய்யும் கம்பளத் தொழிலில் கூலி, வேலைச் சூழல் இரண்டையும் கவனிக்கிறார்கள். உலக நியாய வணிக அமைப்பு தனித்தனிப் பொருளை விட்டுவிட்டு நிறுவனத்தையே சோதித்து உறுப்பினராக்குகிறது. அதனால் 'நியாய வணிகம்' என்று எழுதியிருந்தால் ஒரே கேள்விதான்: யார் கொடுத்தது? பெயர் வரவில்லை என்றால் கடைக்காரர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது.

ஜெர்மனியின் கேர் அண்ட் ஃபேர் இன்னொரு வகை. கம்பள வியாபாரிகளின் பணத்தில் நெசவாளர் ஊர்களில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிறது. நல்ல காரியம்தான், ஆனால் நீங்கள் வாங்கும் கம்பளம் எந்தத் தறியில் நெய்தது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

மழைத்தூறல்:
முத்திரைச் சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. கம்பளத்தின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முடிச்சுப் போட்டு நெய்தது என்றால் முன்பக்கத்து வடிவம் பின்னாலும் அப்படியே தெரியும், ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலின், நீட்சியாகவே இருக்கும். பின்னால் துணி ஒட்டி, குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால் அநேகமாக டஃப்டட். சட்டகத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குள் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைச் செலுத்தி, லேடெக்ஸ் பசை பூசி, மேலே துணி ஒட்டி முடிப்பார்கள். அதுவும் கைவேலைதான், ஏமாற்று இல்லை. ஆனால் சில நாளில் முடியும் வேலை. பல மாதம் பிடிக்கும் முடிச்சுக் கம்பளத்தின் கதையைச் சொல்லி இதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
இது உருப்படியான பேச்சு. கணக்கையும் போட்டுவிடலாம். ஆறுக்கு ஒன்பது என்றால் 54 சதுர அடி, அதாவது 7,776 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று சுமாரான நெருக்கம் வைத்தாலும் 7,77,600 முடிச்சு. தேர்ந்த கை ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடும் என்று வையுங்கள். ஒரு ஆளுக்கு 97 நாளுக்கு மேல் வேலை. கம்பளி, சாயம், கழுவி உலர்த்தி முடி வெட்டிச் சீராக்குவது, ஒப்பந்தக்காரர், ஏற்றுமதியாளர், கப்பல், கடை எல்லாம் தனி. இப்போது விலையைப் பாருங்கள். 97 நாள் நியாயக் கூலியே அதற்குள் அடங்கவில்லை என்றால் எந்த முத்திரையும் உங்களைக் காப்பாற்றாது. என்னைக் கேட்டால் இந்தக் கணக்குதான் முத்திரை.

ஊடுநூல்:
பாதிதான் சரி. விலை குறைவென்றால் யாரோ வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்று தெரியும். விலை அதிகமென்றால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மிச்சம் முழுவதும் இடையில் உள்ளவர் பைக்குள் போயிருக்கலாம். அதைப் பார்க்கத்தான் வெளியிலிருந்து ஒருவர் கணக்கேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பழைய கம்பளம் வாங்கச் சொன்னீர்கள். தாராளமாக வாங்கலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் இன்றைக்குத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஒரு காசும் போகாது. எல்லோரும் அப்படி ஒதுங்கினால் தறி நிற்கும், நெசவாளர் வேறு கூலி வேலைக்குப் போவார். அங்கே நிலைமை மேல் என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
உரிமக் கட்டணம் கட்ட முடியாத சின்னக் கூட்டுறவுக் குழுவை என்ன செய்வீர்கள்? துருக்கியில் டோபாக் திட்டம் 1980களின் தொடக்கத்தில் கிராமப் பெண்களோடு இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்துக் கூட்டுறவாக நின்றது. உலகளாவிய முத்திரை பார்த்தா வாங்கினார்கள்? யார் நெய்தது என்று தெரிந்து வாங்கினார்கள். உங்கள் வழியில் பெரிய ஏற்றுமதியாளருக்கு முத்திரை, சின்னவருக்குச் சந்தேகம்.

மழைத்தூறல்:
சின்னவர் என்றால் கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் வித்தியாசம். எந்த ஊர், எத்தனை தறி, கூலி எந்தக் கணக்கில் என்று மூன்று வரி எழுதிக் கேளுங்கள். உண்மையான குழு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதும், சில சமயம் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

சாம்பல்பூனை:
மூன்று கடைக்கும் எழுதினேன். பாட்டிப் படக் கடையிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது கடை 'எங்கள் சப்ளையர் உறுதி அளித்திருக்கிறார்' என்று ஒரே வரி. சப்ளையர் யார் என்று திரும்பக் கேட்டதற்கு வியாபார ரகசியமாம். குட்வீவ் கடைக்காரர் முத்திரை எண்ணையும் பின்பக்கப் படத்தையும் அனுப்பினார். முடிச்சுத்தான், குஞ்சமும் பாவிலிருந்தே வருகிறது. கூலி பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா!

ஊடுநூல்:
எதைப் பார்ப்பது? மூன்று பேரில் ஒருவர்தான் பாதிக் கேள்விக்காவது பதில் சொன்னார், அவரிடம்தான் முத்திரை இருக்கிறது. கூலிக் கேள்வியை அவரிடமே மறுபடி கேளுங்கள், சதுர அடிக்கு எவ்வளவு என்று நேரடியாக.

சாம்பல்பூனை:
கேட்டுவிட்டேன். ஏற்றுமதியாளரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கூடவே ஒரு சின்னக் குழுவுக்கும் எழுதியிருக்கிறேன், அவர்களிடம் முத்திரை எதுவும் இல்லை. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை கணக்குப்பிள்ளையும் ஊடுநூலும் ஒருவரையொருவர் விட்டுவைக்கவும்.